சிவப்பு எழுத்துகளோடு ஆறு மாதம்

ஜாவாஸ்கிரிப்ட் தொழிலில் நாம் எழுதுவது கொஞ்சம்தான். மற்றவர்கள் எழுதியதை வரவழைத்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்காரவைப்பதில்தான் மிச்ச நேரமெல்லாம் போகும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது என்.பி.எம். இன்ஸ்டால் என்று தட்டிவிட்டு, திரையைப் பார்க்கப் பயந்து டீ குடிக்கப் போனவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு மட்டும் நாலு வரி. ஒரு வெப்சைட்டில் காலண்டர் வேண்டுமென்றால் அதை நாங்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை. எங்கேயோ யாரோ எழுதி இலவசமாக வைத்திருப்பதை என்.பி.எம். என்ற கருவியைக் கொண்டு இறக்கிக்கொள்கிறோம். அதற்குப் பேர் பேக்கேஜ். அந்தப் பேக்கேஜ் ஓட வேறு நாலு பேக்கேஜ் வேண்டும், அந்த நாலுக்கு இன்னும் நாற்பது. எல்லாம் நோட் மாட்யூல்ஸ் என்ற ஒரு ஃபோல்டரில் வந்து குவியும். ஒன்று பழைய வெர்ஷனைக் கேட்டு, பக்கத்தில் இருப்பது புதியதைக் கேட்டால், திரையில் சிவப்பு எழுத்தில் எரர் வரும். அந்தச் சிவப்பைப் போக்குவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

சேர்ந்தது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு வீட்டின் முதல் மாடி. ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்திருப்போம். சமையலறையில் மீட்டிங். அடுப்பு வைக்கிற கல்மேடையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, சிங்க் பக்கத்தில் நின்றபடி க்ளையன்ட்டுகளோடு பேசியிருக்கிறோம். ஆறு மாதம் பயிற்சி. முடிந்ததும் நிரந்தரக் கடிதம் வரும், அல்லது வராது. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறாள். ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அது இன்னும் முழு வேலை இல்லை என்று அவளுக்கு நான் சரியாக விளக்கவில்லை. ஆகவே அந்தக் கடிதம் வந்தே ஆகவேண்டும். ஆறு மாதமும் இந்த ஒரு நினைப்புதான் இருந்தது.

மஞ்சள்

முதல் நாள் ஒரு பழைய ப்ராஜெக்டைக் கொடுத்து, இதை உன் மெஷினில் ஓடவை என்றார்கள். இன்ஸ்டால் தட்டினேன். மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள் மளமளவென்று விழுந்தன. இந்தப் பேக்கேஜ் கைவிடப்பட்டது, இதை இனி யாரும் கவனித்துக்கொள்ளவில்லை, இதைப் பயன்படுத்தாதே. வந்து ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி ப்ராஜெக்டைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு எச்சரிக்கையையும் நோட்டில் கையால் எழுதிக்கொண்டேன். முப்பத்தேழு வந்தது. மதியம் சாப்பிடக் கூப்பிட வந்தான் கார்த்தி. எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன், சைதாப்பேட்டைக்காரன். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, யார் கொடுத்த இம்போசிஷன் இது என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் அவனுக்கு நன்றி. சொன்னது இவ்வளவுதான்: "மஞ்சள்ல வர்றதெல்லாம் சும்மா சவுண்டு உட்டுக்கினே இருக்கும் மச்சி, கண்டுக்காத. நான் வந்ததுலருந்து அது அப்டியேதான் ஓடிக்கினு கீது. செவப்பு வந்தா மட்டும் சொல்லு."

கல்லாப்பெட்டி

சிவப்பு ஆடி மாதம் வந்தது. தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நாங்கள் வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், பாத்திரங்களின் படத்தைத் தொட்டால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். அதற்கு ஒரு பேக்கேஜ் இருந்தது. போட்டேன். புதுப் பேக்கேஜ் கேட்கிற வெர்ஷன் வேறு, ஏற்கனவே உள்ளே இருந்த பேக்கேஜ் கேட்கிற வெர்ஷன் வேறு. இரண்டும் ஒத்துவராது என்று என்.பி.எம். பத்து வரி திட்டியது. திட்டி முடித்துவிட்டு, கடைசி வரியில் வழியையும் அதுவே சொல்லிக்கொடுத்தது: வேண்டுமானால் ஃபோர்ஸ் என்று சேர்த்துத் தட்டிக்கொள், அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

உங்களில் யார் அந்த இடத்தில் ஃபோர்ஸ் போடாமல் இருந்திருப்பீர்கள்? போட்டேன். சிவப்பு போனது, படம் பெரிதானது, முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி போன் செய்தார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். படங்கள் பிரமாதம், வீட்டில் சம்சாரம்கூட குத்துவிளக்கைப் பெரிதாக்கிப் பார்த்தாள் என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அவர் பேச்சில் ஏதோ தயக்கம் தெரிந்ததும் சைட்டைத் திறந்து பார்த்தேன். வாங்குவதற்கு அழுத்துகிற பட்டன் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "எம்மா, கட முழுக்க ஜோராத் தெரியுது. கல்லாப்பெட்டியத்தான் காணோம்."

ஒன்பதாயிரம் வரி

எங்கள் டீம் லீட் வைதேகி மேடம். மயிலாப்பூர் மாடவீதியில் வீடு. ஆபீஸில் எல்லோரும் பேசுகிற தமிழ்தான் அவரும் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். "ஆத்துல" என்ற சொல் காதில் விழுந்தால் கார்த்தி ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

எந்தப் பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்று வரிவரியாக எழுதிவைக்கிற நீளமான பட்டியல் ஒன்று உண்டு. லாக் ஃபைல் என்பார்கள். எல்லோருடைய மெஷினிலும் ஒரே மாதிரி இறங்குவதற்காக அது. எனக்கு அப்போது இது தெரியாது. ஒரு சிவப்பு எரருக்கு இணையத்தில் மருந்து தேடினேன். லாக் ஃபைலை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள், சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே வரிசையாக எல்லோரும் நன்றி சொல்லியிருந்தார்கள். அழித்தேன். சரியாகிவிட்டது. மனதுக்குள் நானும் நன்றி சொல்லிவிட்டு வேலையை அனுப்பிவைத்தேன்.

மதியத்துக்குள் என்னைத் தவிர ஆபீஸில் யாருடைய மெஷினிலும் அந்தப் ப்ராஜெக்ட் ஓடவில்லை. வைதேகி மேடம் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார். "நீ மாத்தினது ரெண்டு வரின்னு சொல்ற. இங்க ஒன்பதாயிரம் வரி மாறியிருக்கு. ஊருக்குப் போயிட்டு வந்து கதவைத் திறந்தா, ஆத்துல யாரோ பீரோ கட்டில் எல்லாத்தையும் இடம் மாத்திப் போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு எனக்கு."

அம்மாவுக்கு விளக்கியது

தினமும் முகம் வாடி வருகிறேன் என்பதை அம்மா கவனித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நடந்து வரும்போது, ஆபீஸில் என்னதான் பிரச்சினை என்று கேட்டாள். பேக்கேஜ், வெர்ஷன் எல்லாம் எப்படிச் சொல்வது? இரண்டு பேருக்கும் ஒரே பொருள் வேண்டும், ஆனால் ஒருத்தருக்குப் பழையது வேண்டும், இன்னொருத்தருக்குப் புதியது வேண்டும், இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதுதான் என் வேலை என்றேன்.

அம்மா நடந்தபடியே யோசித்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பேரும் வேற வேற கேட்டா, ரெண்டையும் தனித்தனி கூடைல போட்டுக் குடுக்க வேண்டியதுதான? இதுக்கு இன்னாத்துக்கு நாலு வருஷம் காலேஜு?"

மழைநாள்

அம்மா சொன்னதைத்தான் என்.பி.எம். பெரும்பாலும் செய்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். முடிந்தவரை ஆளுக்கொரு கூடை போட்டுவிடும். அதனால்தான் அந்த ஃபோல்டர் அவ்வளவு பெரிதாகிறது. எவ்வளவு பெரிது என்பது எனக்கு நவம்பர் மழையில் புரிந்தது. ரோடெல்லாம் தண்ணீர், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் இணைய வசதி கிடையாது. என் போனில் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிட்டது. அம்மாவின் போனை எடுத்து, அதிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்து, ஒரு புது ப்ராஜெக்டை இன்ஸ்டால் செய்தேன்.

அம்மாவுக்கு மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் அடுக்குமாடிகளில் வாடிக்கையாளர்கள் உண்டு. மழை விட்டதும் என்ன மீன் வரும், வஞ்சிரம் கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள். ஒரு மணி நேரமாக ஒரு மெசேஜும் வராததைப் பார்த்து, மழையில் யாரும் மீன் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். டேட்டா தீர்ந்துவிட்டது என்ற குறுஞ்செய்தியைக் கடைசியில் பார்த்துவிட்டு, பாதியில் நின்றிருந்த டவுன்லோடு கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் கஸ்டமருங்கள எல்லாம் நிறுத்தி வெச்சிட்டு, அப்டி இன்னாத்த எறக்கிக்கினு கீற, கப்பல் சரக்கா?"

தூண்

மார்கழிக் கச்சேரிகளுக்கு முன்னால் மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவின் வேலை எங்களுக்கு வந்தது. முதன்முறையாக டிக்கெட்டை இணையத்தில் விற்கப் போகிறார்கள். செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூர் முழுக்க அவரைச் செகரட்டரி மாமா என்றுதான் கூப்பிடுகிறது. அரங்கம் பழையது. ஏழாவது, எட்டாவது வரிசைகளை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு பெரிய தூண் நிற்கிறது. வரிசைக்கு இருபது நாற்காலி. எட்டாவது நாற்காலிக்கு அப்புறம் தூண், அதைத் தாண்டி ஒன்பதாவது.

இருக்கைகளைப் படமாகக் காட்டுகிற பேக்கேஜ் ஒன்றை எடுத்தேன். நடுவில் இரண்டு இடம் காலி விடு என்றால் விட்டது. ஆனால் அந்தக் காலி இடத்தையும் சேர்த்து எண்ணியது. தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒன்பதாம் நாற்காலிக்குப் பதினொன்று என்று எண் போட்டது. இருபது நாற்காலி உள்ள வரிசை இருபத்திரண்டில் முடிந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடி, நோட் மாட்யூல்ஸுக்குள் அந்தப் பேக்கேஜைத் திறந்து, தப்பான வரியைக் கண்டுபிடித்து, அங்கேயே திருத்திவிட்டேன். தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் தலையில் கைவைத்திருப்பீர்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் எழுதிய ப்ரோக்ராமில் நொச்சிக்குப்பத்துக்காரி கைவைத்துச் சரிசெய்துவிட்டாள்.

கல்மேடையில் என் லேப்டாப்பை வைத்து மாமாவுக்குக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினார். தூணுக்கு இந்தப் பக்கம் எட்டாம் எண், அந்தப் பக்கம் ஒன்பதாம் எண். இருபது வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "இந்தத் தூணை வச்சுண்டு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர்கூட அதைச் சமத்தா சுத்திண்டு போறதே."

பத்து மணி

டிசம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை என் ஆறு மாதம் முடிகிறது. சபா உறுப்பினர்களுக்கு மட்டும் முந்தின நாள் விற்பனை திறந்திருந்தார்கள். பொதுமக்களுக்குச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வேறு ஏதோ சேர்க்கப் போய், சிவப்பு வந்தது. இப்போது எனக்கு அனுபவம் உண்டல்லவா? லாக் ஃபைலைத் தொடாமல், நோட் மாட்யூல்ஸை மட்டும் அழித்துவிட்டு, புதிதாக இறக்கினேன். சிவப்பு போனது. இருக்கைப் படத்தைத் திறந்தேன். ஏழாவது வரிசை இருபத்திரண்டில் முடிந்தது.

அந்த ஃபோல்டர் ப்ராஜெக்டோடு சேர்ந்து எங்கேயும் போவதில்லை. வெப்சைட்டை ஓட்டுகிற சர்வர் தனக்கு வேண்டியதைத் தானே புதிதாக இறக்கிக்கொள்ளும். என் திருத்தம் என் லேப்டாப்பில் மட்டும்தான் வாழ்ந்திருக்கிறது; மாமா எண்ணிப் பார்த்ததும் என் லேப்டாப்பில்தான். சர்வரில் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். முதல் வரிசையை மட்டும் பார்த்தேன். நேற்றிலிருந்து உறுப்பினர்கள் வாங்கிய டிக்கெட்டுகளில், தூணுக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது டிக்கெட்டுகளில் தப்பான எண் அச்சாகியிருந்தது.

சமையலறைக்குப் போய் நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்த கார்த்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். அவனிடம் சொன்னேன். திருத்தத்தைப் ப்ராஜெக்டோடு முறையாகச் சேர்த்துவைக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்று காட்டிக்கொடுத்தான். விற்றுப்போன பத்தொன்பது டிக்கெட்டை என்ன செய்வது என்றேன். பாட்டிலை மூடியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். என் நல்லதுக்குத்தான் சொன்னான். "சைலன்ட்டா சரி பண்ணிட்டுப் போ மச்சி. லெட்டர் வெள்ளிக்கிழம, கச்சேரி அதுக்கு அடுத்த வாரம். யார்னா கேட்டா தூணு மேல பழியப் போடு."

இருபத்திரண்டாம் நாற்காலி

கொஞ்ச நேரம் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை மறைத்து எழுதிப் பயனில்லை. டிக்கெட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது வரிசை, இருபத்திரண்டு: கோபாலபுரத்தில் இருந்து ஒரு அம்மா. ஒரே ஒரு டிக்கெட். தனியாக வருகிறவர். அவர் வந்து, வரிசையின் கடைசிவரை போய், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்பார். நாற்காலி இருக்காது. சரியான காகிதம் கையில் இருந்தும் இடமில்லை என்று நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலேஜில் சேர்ந்த நாளில் நானும் அம்மாவும் ஒரு வராந்தாவில் பாதி நாள் அப்படி நின்றோம்.

வைதேகி மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுத் தமிழுக்கு மாறவே இல்லை; எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது. எத்தனை டிக்கெட் என்று கேட்டார். எப்போது தெரியும் என்று கேட்டார். பத்து மணிக்கு என்றேன். கடிகாரம் பத்தே முக்காலைத் தாண்டியிருந்தது. இத்தனை நேரம் என்ன செய்தாய் என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, செகரட்டரி மாமாவைக் கூப்பிட்டு, என்னையே சொல்லச் சொன்னார்.

முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மாமா தனக்குத்தானே கணக்குப் பார்ப்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "ஒரு காலத்துல தூணுக்குப் பின்னாடியே சீட் வித்திருக்கோம். மேடையே தெரியாத சீட்டெல்லாம் வித்திருக்கோம். ஆனா, இல்லாத சேருக்கு டிக்கெட் வித்தது சபா சரித்திரத்துல இதுதான் முதல் தடவை."

பதினோரு போன்

பத்தொன்பது டிக்கெட், பதினோரு வீடு. கல்மேடையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நானே கூப்பிட்டேன். உங்கள் டிக்கெட்டில் உள்ள எண்ணில் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள், புதிய டிக்கெட் மெயிலில் வரும், தவறு எங்களுடையது. இதையே பதினோரு முறை. ஒருவர், கம்ப்யூட்டர் வந்தாலே இப்படித்தான் என்று பத்து நிமிடம் பேசினார். ஒருவர் எந்தக் காலேஜில் படித்தாய் என்று விசாரித்தார். தூணை ஒட்டி ஒன்பதாம் நாற்காலி வாங்கியிருந்த மாமி ஒருவர் நான் சொல்லி முடிக்கவே விடவில்லை: "எந்த நம்பரா இருந்தா என்னம்மா, ரொம்ப வருஷமா அந்தத் தூணுல சாஞ்சுண்டுதான் கச்சேரி கேக்கறேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா எழுந்து கேன்டீனுக்குப் போயிடுவேன்."

கோபாலபுரத்து அம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்த வருடம்தான் உறுப்பினர் ஆனாராம், அந்த அரங்கத்துக்கு இதுவரை வந்ததில்லை. உங்கள் எண் இருபது என்றேன். அந்த இருபதாம் நாற்காலியாவது நிஜமாக இருக்கிறதா, போய்ப் பார்த்தாயா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. ஆறு வாரமாக அந்த அரங்கத்தைப் படமாக வரைந்துகொண்டிருந்தேனே தவிர, உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். காவலாளி ஒரே ஒரு விளக்கைப் போட்டுவிட்டார். ஏழாவது வரிசையில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டு எண்ணினேன். தூண் நான் நினைத்ததைவிடப் பெரியது. கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இருபதாம் நாற்காலி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்தே அவருக்குப் போன் செய்து, இருக்கிறது மேடம், இப்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தது கேட்டது. "அப்ப சரி. உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தே, கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துச் சொல்லு. அங்கேருந்து மேடை தெரியறதா?"

வெள்ளிக்கிழமை

திருத்தம் முறையாகப் ப்ராஜெக்டுக்குள் போனது. இந்தமுறை சர்வரில் எல்லா வரிசையிலும் எல்லா நாற்காலியையும் எண்ணினேன். சனிக்கிழமை விற்பனைக்குத் தடையில்லை. வெள்ளிக்கிழமை மாலை வைதேகி மேடம் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கையில் கவர் எதுவும் இல்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நோட் மாட்யூல்ஸில் கைவைக்காத ஆளே இந்தத் தொழிலில் கிடையாது, தானும் வைத்திருப்பதாகச் சொன்னார். என் தவறு அது இல்லை, முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொன்னதுதான் என்றார். நான் தலையாட்டினேன். அழக்கூடாது என்பதற்காகக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் சொன்னதை அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன், அதனால் ஒரு சொல்லும் மாறாமல் தருகிறேன்: "லெட்டர் மூணு மாசம் கழிச்சுதான். ஆனா இனிமே எந்த ப்ராஜெக்டும் வெளில போறதுக்கு முன்னாடி, நீ எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டுப் பார்த்து, சரின்னு சொல்லணும். நீ சொல்லாம நான் அனுப்ப மாட்டேன்."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி என்றால் என்ன, கடிதம் என்றால் என்ன, ஏன் தள்ளிப்போனது, எல்லாம். நாளைக்கும் ஆபீஸ் போக வேண்டுமா என்று கேட்டாள். திங்கள்கிழமை போகவேண்டும் என்றேன். மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தபடி சொன்னாள்: "கூப்புட்றாங்க இல்ல? அப்புறம் இன்னா."

இப்போது கம்பெனி பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. மீட்டிங் அறைக்கு வாசலில் பெயர்ப்பலகை உண்டு, சிங்க் கிடையாது. கார்த்தி பெங்களூரு போய்விட்டான். ராஜா அண்ணாமலைபுரம் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த முதல் மாடியைப் பார்ப்பேன். யாரோ குடிவந்திருக்கிறார்கள். பால்கனியில் துணி காய்கிறது. குக்கர் விசில் சத்தம் கேட்கும். அந்தக் கல்மேடையில் இப்போது அடுப்பு எரிகிறது என்று நினைத்துக்கொள்வேன். சிவப்பு எழுத்துக்கு அவ்வளவு பயந்தவள், அந்தப் பயத்துக்காகவே அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறேன் என்றால் உங்களுக்காவது புரியும்.

நிரந்தரக் கடிதம் சொன்னபடியே அந்த மார்ச்சில் வந்தது. அதே வாரம் அந்த இருக்கைப் பேக்கேஜை எழுதியவர் காலி இடத்தை எண்ணுகிற பிழையைத் தானே திருத்திப் புது வெர்ஷன் வெளியிட, ஆசையாக அதைப் போட்டேன், வேறு மூன்று பேக்கேஜ்கள் சிவந்தன.